கஜா இராத்திரியில் பிறந்தவளுக்கு மணி என்ன?

ஒரு வாசகரின் கேள்வி, 8 நவம்பர் 2025

ஜாதகத்துக்குப் பிறந்த நேரம் என்றால் எது? தலை தெரிந்த நேரமா, முழுக் குழந்தையும் வெளியே வந்த நேரமா, கொடி அறுத்த நேரமா, முதல் அழுகையா? ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒன்று இருக்கிறது, வீட்டில் வேறு சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பெற்றவர்கள் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தை யாராவது மறப்பார்களா?

9 நவம்பர், காலை

மறப்பார்கள். என் விஷயத்தில் மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, எனக்கு அந்த நேரம் தெரியவே தெரியாது. என் மகள் பிறந்தது 2018 நவம்பர் 15 இராத்திரி, கஜா புயல் கரையேறிய இராத்திரி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். கரண்டு இல்லை. ஜெனரேட்டர் பாதி இராத்திரியில் நின்றுவிட்டது. என் போன் டார்ச் விளக்காகப் பிரசவ அறைக்குள் போய்விட்டது, கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை, வராந்தாச் சுவரில் இருந்த கடிகாரம் கதவு அடித்த அடியில் கீழே விழுந்து சிதறிக் கிடந்தது. நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் 2.10. என் அத்தை, அதாவது மாமியார், அடித்துச் சொல்வது ஒன்றரை. திருப்பூரில் நாங்கள் பார்க்கும் ஜோசியர், ரெண்டு மணியைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சிம்ம லக்னம் (லக்னம் என்றால் பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) முடிந்து கன்னி வந்துவிடுகிறது என்றார். ஆக பீரோவில் என் மகளுக்கு இரண்டு ஜாதகம் இருக்கிறது. ஒன்றில் அவள் யாருக்கும் அடங்காதவள், இன்னொன்றில் கணக்கில் கெட்டி. பார்த்த வரையில் முதலாவது சரி.

9 நவம்பர், இராத்திரி

நடுநிசி தாண்டிவிட்டால் அது 16ஆம் தேதிதானே என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். சரி, 16தான், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்திலும் சான்றிதழிலும் அதுதான் (சான்றிதழில் தேதி மட்டும்தான், மணி கிடையாது, கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது). ஆனால் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள், அதனால் அத்தை கணக்கில் அவள் வியாழக்கிழமைப் பிள்ளை, விளம்பி வருஷம் ஐப்பசி 29, அவிட்டம். மறுநாள் ஐப்பசிக் கடைசி, மாயவரத்தில் கடைமுகம், காவிரியில் ஐப்பசி முழுக்கின் கடைசி நாள். துலா முழுக்குக்குப் போகவேண்டும் என்று அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போனது போல்தான்.

10 நவம்பர்

முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். நீளும்.

மனைவியின் ஊர் ஆயக்காரன்புலம். வேதாரண்யம் பக்கம், மாவும் தென்னையும். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அங்கே அழைத்துப் போய்விட்டார்கள். நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. புயல் செய்தி வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் முதலில் வடக்கே போகிறது என்றார்கள், அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் என்றார்கள். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் என்றால் எங்கள் கடற்கரை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, அதை நான் யோசிக்கவில்லை. மனைவிதான் போன் பண்ணினாள், "கெராமத்து நர்சம்மா வந்து, நாள் கிட்ட உள்ளவங்கல்லாம் முன்னாடியே போய்ப் படுத்துருங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க, நீங்க கெளம்பி வாங்க" என்று.

15ஆம் தேதி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வானம் நன்றாகத்தான் இருந்தது. வெயில்கூட அடித்தது என்று நினைக்கிறேன். சாயங்காலம் வாடகைக் காரில் மனைவி, அத்தை, நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா வரவில்லை. மாட்டை அவிழ்த்துவிட வேண்டும், வீட்டில் ஆள் வேண்டும் என்றார். அத்தை ஒரு ஒயர் கூடையில் பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், வெல்லம், ஒரு சின்னப் பாட்டிலில் விளக்கெண்ணெய் என்று கட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தி யாரும் எடுத்துவரவில்லை. ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில் கேட்டால் தீர்ந்துபோச்சு.

இராத்திரி எட்டு மணி வாக்கில் வலி வந்தது. பயத்தில் வந்த வலிதான் என்று அத்தை சொன்னது, டாக்டரம்மா பார்த்துவிட்டு நிஜ வலிதான் என்றார். பத்துக்கு மேல் காற்று ஏறியது. சத்தத்தை எப்படிச் சொல்வது, லாரி ஒன்று வீட்டுக்குள் வருகிறது ஆனால் வந்து முடிய மாட்டேன் என்கிறது, அப்படி. வடக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முதலில் போனது. உள்ளே இருந்த நாலைந்து பெண்களையும் கட்டிலோடு நடு வராந்தாவுக்கு இழுத்தோம், அதில் இரண்டு பேருக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒவ்வொன்றாகப் பறந்தது. ஜெனரேட்டர் கொட்டகைக் கூரையும் அதோடு போய், மழை உள்ளே அடித்து, விளக்கு இரண்டு தடவை மினுக்கி நின்றுவிட்டது. சிஸ்டர் ஒருத்தர் வந்து, "சார்ஜ் உள்ள போன் யார்ட்ட இருக்கு" என்று கத்தினார். என்னிடம் பாதிக்கு மேல் இருந்தது. கொடுத்தேன். அப்போது மணி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

10 நவம்பர், சேர்க்கை

நின்றுபோன ஜெனரேட்டருக்கு ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட்டிருக்க வேண்டும் என்று எழுதியவருக்கு: அன்றைக்கு அங்கே வேலையில் இருந்த மூன்று பேர் ஈரத் துணியோடு மறுநாள் மத்தியானம்வரை நின்றார்கள். நான் எங்கே போய்க் கேஸ் போடுவது.

11 நவம்பர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், ஏழு வருஷமாகக் கல்யாண வீடு, டீக்கடை எல்லா இடத்திலும் நான் சொல்லிவரும் இடம்.

எத்தனை மணி என்று தெரியாத ஒரு நேரத்தில் காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். நான் எழுந்து வாசல் பக்கம் போனேன், மேலே இரண்டு மூன்று நட்சத்திரம்கூடத் தெரிந்தது. அத்தை பின்னால் வந்து சட்டையைப் பிடித்தது. "மாப்ள, வெளிய போயிடாதீங்க. இது பொயலோட கண்ணு. இப்ப தெக்கேருந்து வரும் பாருங்க, இதவிட மோசமா இருக்கும்." எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காற்று விட்டதென்று மாட்டைப் பார்க்க வெளியே போன ஒரு சித்தப்பா திரும்பவே இல்லையாம். நான் அப்போதுதான் முதல்முறை அத்தைக்குப் பதில் பேசாமல் சொன்னதைக் கேட்டேன்.

அந்த அமைதிக்குள்தான் அழுகை கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், கணீரென்று, தெளிவாக, ஒரே மூச்சில் ஒரு குழந்தை அழுதது. ஊரே செத்துக் கிடந்த மாதிரி இருந்த இருட்டில் அந்த ஒரு சத்தம். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தை சொன்னதுபோலத் தெற்கேயிருந்து காற்று வந்து விழுந்தது. வடக்கத்திக் காற்றில் சாய்ந்து நின்ற மரம் எல்லாம் இதில் முறிந்தது.

வானிலைத் துறை சொன்ன கணக்கு: நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, நடுநிசி 12.30க்கும் 2.30க்கும் இடையில் கரையைக் கடந்தது, காற்று மணிக்கு 110, 120 கிலோமீட்டர். நாங்கள் இருந்தது கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. கண் எங்கள் தலைக்கு மேல் வந்த நேரம் ஒன்றரையை ஒட்டி என்று வைத்தால் அத்தை சொல்லும் நேரத்தோடு சரியாகப் பொருந்துகிறது. அதனால் என் கட்சி ஒன்றரை. அழுகைதான் கணக்கு. சீட்டு தப்பு.

11 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

வடக்கே, தெற்கே என்று எழுதியது கதைக்காக இல்லை. நம் பக்கம் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். கிழக்கேயிருந்து மேற்கே நகரும்போது நடுப்பாதையில் இருப்பவனுக்கு முதலில் வடக்குக் காற்று, நடுவில் கண், அப்புறம் தெற்குக் காற்று. பட்டுக்கோட்டைக்காரர்களைக் கேளுங்கள், இதையே சொல்வார்கள்.

12 நவம்பர்

நான் எழுதியதை மனைவி படித்தாள். படிக்கக் கொடுத்திருக்கக் கூடாது.

"இது நம்ம பாப்பா இல்லங்க" என்றாள்.

எது இல்லை என்றேன்.

"காத்து நின்னப்ப அழுதது அந்தக் கொடியக்கரப் பக்கத்துப் பொண்ணோட பையன். அவளுக்குத்தான் மொதல்ல ஆச்சு. நம்ம பாப்பா வரப்ப காத்து பேய்க் காத்து, டாக்டரம்மா முக்குன்னு சொல்றதுகூட எனக்குக் கேக்கல, கையில தட்டித் தட்டிக் காட்டுனாங்க."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் இரண்டு பேருக்கு வலி எடுத்தது என்று நானே 10ஆம் தேதி எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூட உறைக்கவில்லை. உள்ளே ஒரே அறை, நடுவே ஒரு துணித் தடுப்பு. ஏழு வருஷமாக நான் சொன்னதை இவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க அழுததச் சொல்றீங்க, அதுக்கு நடுவுல நான் என்னன்னு சொல்றது" என்றாள். பிறகு, "அந்தப் பையன் அழுதப்பதான் எனக்கும் தெம்பு வந்துச்சு, அவளுக்கு ஆயிருச்சு நமக்கும் ஆயிரும்னு" என்றாள்.

அவளுக்குத் தெம்பு வந்தது சரி. எனக்கு என்ன வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

12 நவம்பர், இராத்திரி

அத்தைக்குப் போன் போட்டேன். ஒன்றரை என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்கதான மாப்ள சொன்னீங்க" என்றது.

ஆக, அத்தையின் சாட்சியும் நான்தான்.

13 நவம்பர்

2.10 என்ற சீட்டு நேரத்தைப் பற்றி மனைவி இன்னொன்று சொன்னாள். குறித்த சிஸ்டர் தன் கைக்கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்பாராம், பஸ்ஸை விடக்கூடாது என்று. மறுநாள் அவரே சொல்லிச் சிரித்தாராம். பத்தைக் கழித்தால் சரியாக 2.00. சிம்மத்தின் வாலில் தொங்குகிறோம்.

இன்னொன்றும் கிடைத்தது. இதை எழுத ஆரம்பித்த பிறகு பழைய போன் படங்களைச் சேமித்து வைத்த இடத்தில் தேடினேன், புயலுக்கு அடுத்த நாள் படம் ஏதாவது இருக்கிறதா என்று. இருக்காது என்று தெரியும், போன் செத்துப்போய் முதல் படமே மூன்றாம் நாள்தான் எடுத்தோம். ஆனால் 2018 நவம்பர் 16, 1.51 என்று ஒரு படம் இருக்கிறது. பாதி யாரோ ஒருவரின் விரல், மீதி இருட்டு, மூலையில் எவர்சில்வர் தட்டின் விளிம்பு மாதிரி ஏதோ. ஏழு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

மனைவியிடம் காட்டினேன். பார்த்ததும் சிரித்தாள். "அப்பத்தான் வெளக்கு போச்சு." பிடித்துக்கொண்டிருந்த ஆயாவின் விரல் பட்டு கேமரா திறந்து டார்ச் அணைந்திருக்கிறது. டாக்டரம்மா போட்ட சத்தத்தில் காற்றுச் சத்தமே அடங்கியது என்கிறாள். அப்போது தலை தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். "எனக்கு எப்படிங்க தெரியும், நான் என்ன எட்டிப் பாத்தேனா? ஆனா 'தலை வந்துருச்சு, வெளக்கு, வெளக்கு'ன்னுதான் கத்துனாங்க."

அப்படியென்றால் 1.51க்குத் தலை. கேள்வி கேட்டவரே, உங்கள் நாலு நேரத்தில் ஒன்று மட்டும் எனக்கு நிமிஷ சுத்தமாகக் கிடைத்துவிட்டது, அதுவும் ஒரு ஆயாவின் கட்டை விரலால். மீதி மூன்றும் அதற்கு அப்புறம், 2.00க்குள். கன்னி போச்சு.

14 நவம்பர்

பெயர் என்ன, கஜாவா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கஜா என்பது இலங்கை கொடுத்த பெயர், யானை என்று அர்த்தம். ஊரில் எல்லாரும் வைக்கச் சொன்னார்கள். அவிட்டத்துக்கு எழுத்தும் க வரிசைதான் வருகிறது, கஜலட்சுமி என்று வைத்தால் எல்லாம் பொருந்தும் என்று ஜோசியரே எடுத்துக் கொடுத்தார். மாமாதான் வேண்டாம் என்றார். மாமாவின் கொல்லையில் 90 தென்னை. 6 நின்றது. அந்தப் பெயரைச் சொல்லி என்னால் பேத்தியைக் கூப்பிட முடியாது என்றார், அதோடு விட்டுவிட்டோம்.

நான் அந்தக் கொல்லையை 17ஆம் தேதி பார்த்தேன். ரோடு முழுக்க மரமும் கம்பமும், ஒரு பையனின் பைக்கில் ஏறி, இறங்கித் தள்ளி, ஏறி, கடைசியில் நடந்து போனேன். பேத்தி பிறந்த சேதி அவருக்கு அதுவரை தெரியாது, எந்த டவரும் இல்லை. மாமா விழுந்த மரங்களுக்கு நடுவே குச்சியால் எண்ணிக்கொண்டிருந்தார். சொன்னேன். "தாயும் புள்ளையும்?" என்றார். நல்லா இருக்காங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம் அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது, மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். அவர் புதிதாக வைத்த கன்றுகளில் பாதி இப்போதுதான் பாளை விடுகிறது. அவளுக்கும் அதுகளுக்கும் ஒரே வயசு.

14 நவம்பர், இன்னும் கொஞ்சம்

கரண்டு ஆயக்காரன்புலத்துக்கு எப்போது வந்தது என்று கேட்டவருக்கு: எங்கள் தெருவுக்குப் பிள்ளைக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு. ஒரு லட்சத்துக்கு மேல் கம்பம் விழுந்தால் அப்படித்தான். கேரளாவிலிருந்து வந்த மின் ஊழியர்கள் எங்கள் தெருவில் வேலை பார்த்தார்கள், அத்தை அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தது. அதுவரை சிம்னி விளக்குதான். பாப்பா வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்குவாள், டியூப் லைட் எரிந்த அன்றைக்கு அப்படி ஒரு அழுகை.

சேனை வைத்தீர்களா என்பதற்கு: அத்தை வெல்லத் தண்ணீரை விரலில் தொட்டுக்கொண்டு வந்தது, சிஸ்டர் கையைத் தட்டிவிட்டார், சீம்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று. அத்தைக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது. பிள்ளை வாய் பேசுவது சேனை வைக்காததால்தான் என்கிறது.

16 நவம்பர், இராத்திரி

இன்றைக்கு 7 முடிந்தது. நட்சத்திரப் பிறந்தநாள் போன மாதக் கடைசியிலேயே கோயிலில் முடித்துவிட்டோம், இது கேக்குக்கு.

அந்தக் கொடியக்கரைப் பக்கத்துப் பையனுக்கும் இன்றைக்குத்தான் ஏழு. அவன் அப்பா அன்றைக்கு வரவில்லை, முகாமிலோ எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார், மறுநாள் மத்தியானம்தான் வந்தார் என்று மனைவி சொல்கிறாள். அவனுடைய முதல் அழுகையைக் கதவுக்கு வெளியே கேட்ட ஆம்பிளை நான் ஒருவன்தான் போல. பெயர்கூடத் தெரியாது.

இராத்திரி சாப்பிடும்போது மகள், "நான் பொறந்தப்ப புயல் நின்னுடுச்சுதானப்பா" என்றாள். அவளுக்கும் அதைத்தானே சொல்லி வளர்த்திருக்கிறேன். நான் மனைவியைப் பார்த்தேன். "இல்லடி, நீ வரப்ப நல்லா அடிச்சுது" என்றாள்.

"அப்ப நான் அழுதது அப்பாவுக்குக் கேக்கலையா?"

"நீ எங்க அழுத? வந்ததும் ரெண்டு தடவ தும்முன. அப்புறம் சும்மா இருந்த. டாக்டரம்மா உள்ளங்கால்ல சுண்டுனாங்க, அப்பவும் சும்மா இருந்த. அப்புறமாத்தான்."

இதுவும் எனக்குப் புதுசு. அப்புறம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என்ன, இதையும் எழுதப் போறீங்களா?"